புதுத்தண்ணீரும் இன்சூரன்ஸ் படிவமும்

திருக்காட்டுப்பள்ளி
ஜூன் 18

அன்பு நண்பன் ஜெக்கரியாவுக்கு,

என் கார் இன்சூரன்ஸைப் புதுப்பிக்க நீ அனுப்பிய படிவத்தை நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். ‘உடல்நிலையில் மாற்றம் உண்டா?’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று போட்டுவிட்டேன்.

நேற்று ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதடா! காய்ந்த மணலில் நுரையைத் தள்ளிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் வந்தது. கரையில் காரை ஓட்டிக்கொண்டே கூடப் போனேன். அப்படியே மெய்ம்மறந்துவிட்டேன். பார்த்தால் கார் புளியமரத்தடியில் நிற்கிறது. பக்கத்து சீட்டில் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்தபடி பூவம்மாள் அழுகிறாள். “உங்க கண்ணு தெறந்துதான் இருந்துச்சு. அதுக்குள்ள நீங்க இல்லைங்க” என்கிறாள். புதுத்தண்ணீர் ஆளை அப்படி அடித்துவிடும் என்று அவளுக்கு எங்கே புரிகிறது?

உன்
தியாகு


தஞ்சாவூர்
ஜூன் 22

அன்புள்ள தியாகு,

போனில் சொன்னால் ‘சரி சரி’ என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

முப்பது வருடமாக ஏஜெண்டாக இருக்கிறேன். தண்ணீரைப் பார்த்துக் கண் திறந்தபடியே காணாமல் போன ஆளை நான் பார்த்ததில்லை. என் அண்ணனுக்கு வலிப்பு இப்படித்தான் ஆரம்பித்தது. கை கால் இழுக்கவில்லை, சும்மா வெறித்தான். டாக்டரைப் பார். அதுவரை சாவி உன் மனைவி பூவம்மாளிடமே இருக்கட்டும். கோபப்பட்டால் படு. அந்தக் கரையில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் வருகிறார்கள்.

ஜெக்கரியா


திருக்காட்டுப்பள்ளி
ஜூலை 9

ஜெக்கரியா,

இரண்டு வாரம் உன்மேல் கோபமாகத்தான் இருந்தேன். டாக்டர் தலையில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார். வலிப்புதான். ஓட்டக் கூடாதென்று சொல்லிவிட்டார். கம்பெனிக்கு உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், கொடுத்துவிடு. இருபத்தாறு வருடம் ஓட்டினேன்டா.

ஒன்று மட்டும் சொல். அன்றைக்கு எனக்கு வந்தது நோய் என்றால், அந்தத் தண்ணீரைப் பார்த்து நெஞ்சு நிறைந்ததும் நோய்தானா?

தியாகு


திருக்காட்டுப்பள்ளி
ஜூன் 16

அன்புள்ள ஜெக்கரியா,

போன வருடம் நான் கேட்டதற்கு நீ பதிலே எழுதவில்லை. போகட்டும், நேற்று எனக்கே கிடைத்துவிட்டது.

மாத்திரை தவறுவதில்லை. பூவம்மாள் லைசென்ஸ் எடுத்துவிட்டாள். ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தால் என்ஜினையே அணைத்துவிடுகிறாள். இந்த வருடப் படிவத்தில் உடல்நிலைக்கு விட்ட இடம் போதாமல் பின்பக்கமும் எழுதியிருக்கிறேன்.

நேற்று கரைக்கு அவள்தான் ஓட்டிப்போனாள். மணலில் இறங்கி நின்றோம். முதலில் சத்தம் வந்தது, சருகெல்லாம் சேர்ந்து நடந்து வருகிற மாதிரி. பிறகு நுரை. மணல் குடிக்கக் குடிக்கத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. பூவும் விதைநெல்லும் தூவினோம். தண்ணீர் கால்விரலைத் தொட்டபோது உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

பூவம்மாள் தண்ணீரைப் பார்க்கவில்லை. என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருக்கீங்களா?” என்றாள்.

“இருக்கேன்” என்றேன்.

உன்
தியாகு