அவித்துக் கழுவிய லென்ஸ் பெட்டி

நவம்பர் 11, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். யன்னல் சீலை மூடியபடி. மூடியும் போதவில்லை; ஓரத்தால் வருகிற வெளிச்சம் வலது கண்ணில் ஊசி. லென்ஸ் கழற்றி இரண்டு நாள். கழற்றினால் சரியாகிவிடும் என்றுதானே நினைத்தேன்.

இன்று செய்தவை:
- கண் டாக்டர்மாருக்குப் போன், மூன்று இடம். ஒன்றில் டெர்மின், டாக்டரைப் பார்க்கிற நேரம், பிப்ரவரியில்தான். ஒன்றில் புது ஆட்களை எடுப்பதில்லை. மற்றதில் ஆளே எடுக்கவில்லை, காத்திருக்கச் சொல்லிப் பாட்டு மட்டும், இருபது நிமிடம்.
- ஆரணிக்குப் பருப்புச் சோறு. பாதி நிலத்தில்.
- பழைய கண்ணாடிக்கு டேப். பத்து மாதப் பிள்ளையின் கைக்கு அதன் காலை முறிக்க எவ்வளவு நேரம். பவரும் காணாது. மாடிப்படி இருப்பது தெரியும், எத்தனை படி என்று தெரியாது. மூன்றாம் மாடி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எப்படி இறங்குவது.

கடைசியில் சுதா மச்சாளுக்கே எடுத்தேன். இவருடைய அக்கா. சின்னதில் ஜெர்மனிக்கு வந்து இங்கேயே வளர்ந்தவர், பல் டாக்டரிடம் வேலை. ஐந்து நிமிடத்தில் திருப்பி எடுத்தார்.

"நாளைக்கு எட்டரைக்குக் கிளினிக். அவசரப் பிரிவு. நான் லீவு சொல்லிப் போட்டன். லென்ஸையும் அது வைக்கிற பெட்டியையும் கட்டாயம் கொண்டு வரட்டாம். கேட்டுதோ?"

"ஓம் மச்சாள்."

"கண்ணைக் கசக்காதையும்."

போனை வைத்ததும் செய்த வேலை: பெட்டியைக் கொதிநீரில் போட்டு அவித்தேன். பிறகு பல் பிரஷ், சவர்க்காரம். உள்ளே வழுவழுவென்று ஒரு படலம். அதை ஒரு டாக்டர் பார்ப்பதா? ஆட்கள் வருகிறார்கள் என்றால் கக்கூஸைத்தானே முதலில் கழுவுவோம். லென்ஸ் இரண்டும் ஞாயிறே குப்பையில். குப்பை வண்டி நேற்று வந்துவிட்டது.

கண் ஏன் இப்படி ஆனது என்று இங்கே மட்டும் எழுதுகிறேன். போன மாதக் கடைசி வெள்ளி இரவு லென்ஸ் திரவம் முடிந்தது. மறுநாள் புனிதர்கள் நாள், கடை பூட்டு. அதற்கடுத்த நாள் ஞாயிறு, பூட்டு. இவர் வேலைக்கு மியூனிக் பக்கம். ஆரணிக்குக் காய்ச்சல். குழாயைத் திறந்தேன். ஜெர்மனியில் போத்தல் தண்ணீர் வாங்குகிறவன் விசரன் என்று எல்லாரும் சொல்கிற தண்ணீர். லென்ஸ் கழுவினேன், பெட்டியில் நிரப்பினேன், ஊறவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததால் திங்களும். செவ்வாயும். வியாழன் வரை ஆறு நாள். அதில் இரண்டு இரவு கழற்றாமலே படுத்தேன், ஆரணி எழும்பி அழுதால் முகம் தெரியவேண்டும் என்று.

விஞ்ஞானப் பட்டதாரி நான். ஒன்பதாம் வகுப்புக்குக் கரும்பலகையில் அமீபா கீறிக் காட்டியவள்.

கீழே பிள்ளைகளின் விளக்கு ஊர்வலம், பாட்டு. ஆரணி சீலையைப் பிடித்து இழுக்கிறாள். விலக்கிக் காட்ட முடியவில்லை.

நவம்பர் 12, புதன்

கொப்பி மூக்கில் முட்ட, இடது கண்ணால் எழுதுகிறேன். கிட்டப்பார்வைக்கு இந்த ஒரு வசதி.

இரண்டு மணி நேரக் காத்திருப்பு. டாக்டர் இளம் பெண். வேகமான ஜெர்மன். என்னிடம் மொழிச் சோதனைச் சான்றிதழ் இருக்கிறது, நல்ல புள்ளி. தாடையைக் கண் பார்க்கிற மெஷினில் வைத்ததும் ஒரு சொல் வரவில்லை. எல்லாம் மச்சாள் வழியாக.

"லென்ஸோட குளிக்கிறனீரோ எண்டு கேக்கிறா."

"இல்லை."

"லென்ஸோட படுக்கிறனீரோ?"

"இல்லை மச்சாள்."

"தண்ணி பட்டதோ? குழாய்த் தண்ணி?"

நான் வாய் திறக்குமுன் மச்சாளே சிரித்துவிட்டார். டாக்டரிடம் ஜெர்மனில்: இவ படித்த பிள்ளை, லென்ஸ் கழுவுகிற விதத்தை நானே இரண்டு தரம் சொல்லிக் கொடுத்தேன். அவ்வளவும் எனக்கு விளங்கியது. அவர் சொன்னதற்கு ஓம் என்று தலையை ஆட்டினேன்.

டாக்டர் பெட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஏதோ சொன்னார்.

"பாத்தீரோ, இவ்வளவு துப்பரவான பெட்டி தான் கண்டதில்லையாம்." மச்சாளுக்கு முகமெல்லாம் பெருமை.

லென்ஸ் எங்கே? எறிந்துவிட்டேன். டாக்டர் முகத்தில் பெருமை ஒன்றும் இல்லை. ஏதோ எழுதினார், நெடுநேரம்.

பக்டீரியாவாக இருக்கலாம். சொட்டு மருந்து, மணிக்கு ஒரு தரம். லென்ஸ் தொடவே கூடாது. வெள்ளி காலை திரும்ப.

மச்சாள் எங்கள் வீட்டில் தங்குகிறார். "எட்ட இருக்கிற மணிக்கூடு பாக்க ஏலாத ஆளுக்கு மணிக்கு ஒருக்கால் மருந்தாம்."

நவம்பர் 13, வியாழன்

வலி. கண்ணில் மட்டும் இல்லை, புருவத்துக்குள், பல் வரைக்கும். அறை இருட்டு. கதவுக்கு அப்பால் ஆரணி அழுகிறாள்.

"அது பசி இல்லை மச்சாள், பல்லு முளைக்கிற அழுகை!"

"நீர் பேசாமல் கிடவும்!"

என் வீட்டில், என் பிள்ளைக்கு, கதவுக்குள்ளிருந்து கத்துகிறேன்.

மத்தியானம் மச்சாள் யாருடனோ போனில்: "பாவமப்பா. அவள் எவ்வளவு துப்பரவு தெரியுமோ? டாக்டரே சொன்னவ. உவங்கள் வித்த லென்ஸ்தான் பிழையாய் இருக்கும்." திட்டினால்கூடப் பதில் சொல்லலாம்.

இவர் போன் எடுத்தார்.

"மருந்து விடுறீரோ?"

"ஓம். இஞ்சேருங்கோ..."

"நான் அப்பவே சொன்னனான், கண்ணாடி காணுமெண்டு. கேட்டீரோ?"

தண்ணீர்க் கதையைச் சொல்லாமலே போனை வைத்தேன். ஆரணி கண்ணாடியைப் பிடுங்குகிறாள் என்றுதான் லென்ஸுக்கே போனேன். அதையும் சொல்லவில்லை.

பக்டீரியாவுக்கான மருந்து. பக்டீரியா இல்லையென்றால்? தண்ணீரில் வேறு என்ன இருந்தது, அமீபாவா என்று அவர்களுக்குச் சொல்லக்கூடிய ஒரே பொருளை, அந்தப் பெட்டியை, நான் அவித்துவிட்டேன். இனி என் வாய்தான் மிச்சம். மணிக்கு ஒரு தரம் மச்சாள் அன்பாக வந்து, பிழையாகவும் இருக்கக்கூடிய மருந்தை விட்டுவிட்டுப் போகிறார்.

இடது கண்ணைப் பொத்திப் பார்த்தேன். நேற்று வலது கண்ணுக்கு உள்ளங்கை ரேகை தெரிந்தது. இன்று புகை.

நவம்பர் 14, வெள்ளி

காலை, கக்கூஸ் கதவைப் பூட்டிக்கொண்டு பால்மாப் பெட்டியில் கிழித்த மட்டையில் ஜெர்மனில் எழுதினேன். குழாய்த் தண்ணீரில் லென்ஸ் கழுவினேன். பிறகு பெட்டியை அவித்துவிட்டேன். வினைச்சொல் சரியான இடத்தில்தானா என்று இரண்டு தரம் பார்த்தேன். இந்த நேரத்திலும்.

மச்சாள் ஆரணியோடு வெளியே நிற்பார், டாக்டர் கையில் கொடுத்துவிடலாம் என்று கணக்கு. ஆரணி தள்ளுவண்டியிலேயே நித்திரை. மச்சாளும் உள்ளே வந்து என் பக்கத்தில்.

டாக்டர் மெஷினில் பார்த்தார். புண் குறையவில்லை, கூடியிருக்கிறது. மட்டையை நீட்டினேன்.

வாய்விட்டு வாசிப்பார் என்று யோசிக்கவில்லை. சொல் சொல்லாக வாசித்தார்.

டாக்டர் ஏதோ கேட்டார். மச்சாள் என்னைப் பாராமலே: "எத்தினை நாள் எண்டு கேக்கிறா."

"ரெண்டு."

அவர் ஜெர்மனில் சொல்ல வாயெடுத்தார்.

"இல்லை மச்சாள். ஆறு. ரெண்டு நாள் போட்டபடி படுத்தும் இருக்கிறன்."

ஆறு, படுத்தும் இருக்கிறா என்று டாக்டருக்குச் சொன்னார். வேலையிடத்துக் குரல்.

அதன்பிறகு எல்லாம் வேகம். வேறு அறை, வேறு மெஷின், விறைப்பு மருந்து, கருவிழியின் மேல்தோலைச் சுரண்டி எடுத்தார்கள். என் தலையை அசையாமல் பின்னாலிருந்து பிடித்தது மச்சாளின் கை. இறுக்கமாக.

அமீபாவாக இருக்கலாமாம். புது மருந்து, இரண்டு வகை. இரவும் பகலும் மணிக்கு ஒரு தரம். மாதக் கணக்கில் போகலாமாம். புதனே தெரிந்திருந்தால் நல்லது என்றார் டாக்டர். தழும்பு நடுவில் விழுமா, ஓரத்திலா என்று இப்போது சொல்ல முடியாது. சுரண்டியதன் முடிவு செவ்வாய்.

காரில்:

"புதன்கிழமை ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் சிரிச்சனீங்கள்."

இரண்டு சிக்னல் தாண்டி: "ஓம். சிரிச்சனான்." பிறகு, "தம்பிக்கு நான் சொல்லமாட்டன். நீர்தான் சொல்லவேணும்."

வீட்டுக்கு வந்து இவரிடம் போனில் சொன்னேன். நாளைக்கு வருகிறாராம்.

ஐந்து மணி மருந்து விட மச்சாள் வந்தார். "மேல பாரும்." விட்டார். மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்: "ஆரணியின்ர பால் போத்தல் என்னெண்டு கழுவுறனீர்?"

"கொதிக்க வைச்சுத்தான் மச்சாள்."

"எனக்கு ஒருக்கால் செய்து காட்டும்."

எழும்பிப் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு, செய்து காட்டினேன்.