பஸ் லேட்டு

ஜூன் 3, செவ்வாய்

கம்பெனியில் இன்று எல்லாருக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். மனநலமும் வாழ்க்கைப் பழக்கமும். எத்தனை மணி நேரத் தூக்கம், நேரத்துக்குச் சாப்பாடா, கோபம் வருமா. பதினோராவது கேள்வி: ஒரு நாளில் உங்களுக்கென்று மட்டும் எத்தனை நிமிடம்?

பக்கத்து டேபிள் ஜெபசீலி, "குளிக்கிறத சேத்துக்கலாமாக்கா?" என்று கேட்டாள். சிரித்துத் தீர்த்தோம். எதிர் வரிசை ஆண்கள் யோசிக்கவே இல்லை. ஒரு மணி, ஒன்றரை மணி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் பூஜ்யம் போட்டேன். பிறகு வெட்கமாக இருந்தது. அடித்துவிட்டு 15 என்று எழுதினேன். எந்தப் பதினைந்து?

ஜூன் 5

சுவேதாவை அடித்துவிட்டேன். ஒரு சாக்ஸுக்கு. ஒன்பதாம் வகுப்பு படிக்கிற மகளை.

ஜூன் 6

இந்த மாதம் அதற்குள் இரண்டு பீஸ் விட்டுவிட்டேன். கீறல் விழுந்த ரப்பர் வாஷர்கள், என் கண்ணுக்கு முன்னாலேயே போயிருக்கின்றன. பதினோரு வருஷமாகச் செக்கிங்கில் இருக்கிறேன், இப்படி ஆனதில்லை. "இன்னும் ரெண்டு போச்சுன்னா பேக்கிங்குக்கு மாத்திடுவேன் மாதேஸ்வரி" என்றார் சூப்பர்வைசர். எனக்குத் தெரிந்த ஒரே நல்ல வேலை இது. இதுவும் போனால் நான் யார்?

ஜூன் 7

கம்பெனி டாக்டரம்மா கூப்பிட்டார்.

"தினம் அரை மணி நேரம் நடங்கம்மா."

"நாள் பூரா நின்னுட்டுதானே மேடம் இருக்கறேன்?"

"அது வேலை. இது வேற."

எப்போது நடப்பது? காலையில் அடுப்பு. சாயந்தரம் ஆறு பத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால் அத்தை வாசலிலேயே டீக்குக் காத்திருப்பார். மருமகள் வாக்கிங் போகிறாள் என்றால் தெருவே சிரிக்கும் என்பார்.

ஜூன் 9, திங்கள்

எனக்கு என்ன பிடித்ததோ, இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிட்டேன். "என்னக்கா, வீடு மாத்திட்டியா?" என்றான் டிரைவர் செல்வம். ரோஜாத் தோட்டத்து பிளாஸ்டிக் கொட்டகைகளை ஒட்டி மண்பாதை. யாரும் கூப்பிடவில்லை. அம்மா என்றோ, ஏம்மா என்றோ, அக்கா என்றோ ஒருத்தரும் இல்லை.

வீட்டில் அத்தை கேட்டார்: "ஏம்மா இவ்வளவு நேரம்?"

"பஸ் லேட்டு அத்தை."

அடேயப்பா, எவ்வளவு சுலபமாக வருகிறது பொய்!

ஜூன் 10

இன்றும் லேட்டு.

ஜூன் 17

ஒரு வாரமாக ஒரு பீஸ்கூட விடவில்லை. படுத்தால் தூக்கம் வருகிறது. சுவேதா, "என்னம்மா, இப்பல்லாம் கத்தறதே இல்ல?" என்றாள். கொட்டகைக்குள் ஆள் இல்லாதபோது தனியாகப் பேசிக்கொண்டே நடக்கிறேன். பைத்தியமா? இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூன் 19

மாட்டிக்கொண்டேன். இவர் டீக்கடையில் செல்வத்தைப் பார்த்திருக்கிறார்.

"பஸ்ஸு கரெக்டாதான் வருதாமே. அரை மணி நேரம் எங்க போற?"

"நடக்கறேன்."

"யார் கூட?"

யார் கூட! பதினாறு வருஷம் குடும்பம் நடத்திய பிறகு கேட்கிற கேள்வியா இது? "தினமும் ஏழு மணி வரைக்கும் டீக்கடைல நிக்கறீங்களே, யார் கூடன்னு நான் ஒரு நாளாவது கேட்டனா?" என்றேன். டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஜூன் 20

நேராக வீடு.

ஜூன் 21

நேராக வீடு. தலைவலி.

ஜூன் 23

மூன்றாவது பீஸ் போய்விட்டது. இன்னும் ஒன்றுதான். கழிப்பறையில் போய் அழுதேன். அங்கேயும் கதவைத் தட்டுகிறார்கள்.

ஜூன் 24

மனசு கேட்காமல் முன்னாலேயே இறங்கினேன். அங்கே இவர், வண்டியோடு. வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறார். யாரும் இல்லை என்று பார்த்ததும் முகம் தொங்கிப்போனது. "வா, நானும் நடக்கறேன்" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டே கூட வந்தார். பாவம், சமாதானம் செய்கிறாராம். கேஸ் சிலிண்டர், சுவேதா டியூஷன், அத்தையின் முட்டிவலி. வழி முழுக்கப் பேச்சு. நடந்த மாதிரியே இல்லை.

வீட்டு முக்கில் நின்றுவிட்டேன்.

"ஒண்ணு கேக்கறேன். ஒரு நாளைக்கு உங்களுக்குன்னு எவ்வளவு நேரம் இருக்கு?"

"ஒரு ஒன்றரை மணி நேரம் இருக்கும். ஏன்?"

"எனக்கு?"

விரலை மடக்கி எதையோ எண்ணப் பார்த்தார்.

"நீங்க கூட வந்தா எனக்கு சந்தோசந்தாங்க. ஆனா இது தனியா வேணும்."

கோபமா, புரிந்ததா, தெரியவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

ஜூன் 25

பயத்தில் நேராக வீட்டுக்கு வந்தேன். இவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

ஜூன் 26, வியாழன்

என்ன ஆனாலும் ஆகட்டும் என்று முன்னாலேயே இறங்கினேன். தூறல். பாதையில் ஒருத்தரும் இல்லை. டீக்கடையைத் தாண்டும்போது பார்த்தேன், இவரும் இல்லை. சண்டை காத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே இஞ்சி வாசனை. டீ போட்டிருக்கிறார், இவர்! அத்தையின் குரல் கேட்டது.

"ஏன்டா மூர்த்தி, இவள இன்னும் காணோம்?"

"பஸ் லேட்டும்மா."

"இன்னிக்குமா?"

"இனிமே தினமும் லேட்டாத்தான் வருமாம்."

நான் உடனே உள்ளே போகவில்லை. செருப்பைக் கழற்ற ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டேன்.