பதினான்கு கிலோ கிளட்ச்

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். குளிர். முட்டிக்குப் பட்டை கட்டிக்கொண்டு கோடவுன். பினாயில் டிரம் பன்னிரண்டு சொன்னது, வந்தது எட்டு. மாப் குச்சி ஒரு கட்டு முழுக்க வளைசல். திருப்பி அனுப்பியாச்சு.

மதியம் இம்தியாஸ் பாய் யார்டு. பழைய கார் வியாபாரம், பன்னிரண்டு வருஷப் பழக்கம். என் முதல் டெம்போ பழசானதும் அவர்தான் விற்றுக் கொடுத்தார். போன மாசம் சொல்லி வைத்திருந்தேன், ரெண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் நல்லதா வந்தால் கூப்பிடுங்க என்று. ஒன்று கேட்டால் ரெண்டு வைத்திருக்கிறார். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ரெண்டும் ஆறு வருஷம் ஓடினது. வெள்ளை ஆட்டோமேட்டிக். நீலம் மேனுவல், கிளட்ச் வைத்தது. இனிமேல் இந்த நோட்டில் வெள்ளை, நீலம்.

ஞாயிறு வரை ரெண்டையும் பிடித்து வைப்பாராம். வெள்ளைக்கு ஓசூரிலிருந்து ஒரு பார்ட்டி. நீலம் ஆறு மாசமாக நிற்கிறது, யாரும் இல்லை; என் காலை நினைத்துப் போன மாசம் சொல்லவில்லையாம்.

"இந்த டிராஃபிக்ல மேனுவல் எடுக்கிறது பைத்தியக்காரத்தனம்க்கா. அதுவும் உங்க காலுக்கு."

இடது முட்டி ஆபரேஷன் ஆகி எட்டு மாசம். அன்றிலிருந்து ஸ்டியரிங் தொடவில்லை. டிரைவர் அந்தோணி ஓட்டுகிறான், நான் பின்சீட்டில் பார்சல் மாதிரி. பத்தொன்பது வருஷம் டெம்போவை நானே ஓட்டினவள்.

நீலத்தில் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். கிளட்சைத் தொடவில்லை. பயம். யாரிடமும் சொல்லவில்லை, இங்கேதான் எழுதுகிறேன். வெள்ளையை எடுத்தால் இந்தக் கால் முடிந்துவிட்டது என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி.

வீட்டில் சொன்னேன். மகள் கவி, "மா, ஆட்டோமேட்டிக். இதுல யோசிக்க என்ன இருக்கு?" இவர் டிவியைப் பார்த்தபடி, "உன் இஷ்டம்."

நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை. ஒண்ணாம் தேதி கன்னட ராஜ்யோத்சவத்துக்குக் கட்டின கொடி இன்னும் எல்லா ஆட்டோவிலும்.

காலை பத்து மணி, வெள்ளையை ஓட்டிப் பார்த்தேன். எட்டு மாசம் கழித்து ஸ்டியரிங். வண்டி பாலாடை மாதிரி நழுவுகிறது. காக்ஸ் டவுன் மார்க்கெட் தாண்டும் வரை ராணி நான்தான்.

திருப்பத்தில் வேகம் குறைக்கணும். பத்தொன்பது வருஷப் பழக்கம், இடது கால் தானாகக் கிளட்சைத் தேடிப் போய் ஓங்கி மிதித்தது. அங்கே கிளட்ச் எங்கே இருக்கு? அகலமாக பிரேக்தான். வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது. பக்கத்து சீட்டில் பாய் கையில் இருந்த டீ மொத்தமும் அவர் சட்டையில். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரன் இரண்டு அங்குலத்தில் நிறுத்தி, கன்னடத்தில் என் பரம்பரையையே விசாரித்தான்.

திரும்பி வரும்போது பாய்தான் ஓட்டினார். டீதானேக்கா என்றார். நல்ல மனுஷர், அதனால்தான் இன்னும் அவமானம்.

கவியிடம் சொல்லித் தொலைத்தேன். "பார்த்தியா, பத்து நாள்ல பழகிடும்மா, இடது காலை மடக்கி வச்சுக்கோ."

மடக்கி வைக்கிறதாம். கால் என்ன குடையா?

நவம்பர் 5, புதன்

தூக்கம் சரியில்லை. காலையில் ஒரு விஷயம் உறைத்தது. கால் தப்புப் பண்ணவில்லை. வேலையைத் தேடிப் போயிருக்கிறது. எட்டு மாசம் சும்மா இருந்தும் மறக்கவில்லை. மறந்தது நான்.

சரி, ஆசை வேறு, சரக்கு வேறு. பினாயில் கெமிக்கலை நான் என்றைக்காவது லிட்டர் கணக்கில் வாங்கியிருக்கிறேனா? தண்ணீர் கலந்து தருவான். எடை போட்டுத்தான் வாங்குவேன். காலையும் எடை போட வேண்டியதுதானே.

கவியின் தட்டைத் தராசு, அவள் தினமும் ஏறி நின்று வருத்தப்படுகிறதே அது. சுவரில் சாய்த்து வைத்து, தரையில் உட்கார்ந்து உதைத்தேன்.

வலது கால் 46 கிலோ.
இடது கால் 33.

மோசமில்லை. ஆனால் கிளட்சுக்கு எவ்வளவு வேணும்? பாய்க்குப் போன் பண்ணினேன். "அதெல்லாம் யாருக்குக்கா தெரியும்? ஸாஃப்டாதான் இருக்கும்." ஸாஃப்ட் என்பது ஒரு அளவா?

தராசையும் ஒரு மாப் குச்சியையும் (நேரானது) எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போனேன். குச்சியின் ஒரு முனை நீலத்தின் கிளட்சில், மறு முனை தராசின் நடுவில். கதவுக்கு வெளியே குனிந்து நின்று தராசைப் பிடித்துத் தள்ளினேன். அந்தோணி நம்பரைப் படித்தான். மூன்று தடவை. 14, 14, 13.5.

பாய் கைகட்டி நின்று பார்த்தார். "இருபத்தாறு வருஷமா கார் விக்கிறேன்க்கா. துடைப்பக் குச்சி வச்சுக் காரை டெஸ்ட் பண்ணது நீங்க ஒருத்தர்தான்."

"மாப் குச்சி பாய். துடைப்பம் வேற."

33-க்கு 14. பாதிக்கும் கீழே. குச்சியை நீலத்திலேயே மறந்துவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

வெயில். டிரம் மீதி நாலும் வந்தது.

ஒரு தடவை மிதிப்பது பெரிசில்லை. ஜாமில் எத்தனை தடவை? இன்று அந்தோணியோடு டெலிவரி வேனில் முன்சீட்டில் உட்கார்ந்தேன். அவன் கிளட்ச் மிதிக்க மிதிக்க அட்டையில் கோடு போட்டேன். வீட்டிலிருந்து சிவாஜிநகர் போய் வர 188.

கூடவே கண்டுபிடித்தது: பயல் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பாதிக் கிளட்சிலேயே கால். வருஷா வருஷம் கிளட்ச் பிளேட் ஏன் தேய்கிறது என்று இப்போதுதானே தெரிகிறது. கேட்டேன். "டயர்டா இருக்கும் மேடம், கால் அங்கயே ரெஸ்ட் எடுக்கும்." கிளட்ச் மேலயா ரெஸ்ட்?

சாயங்காலம் ரிச்சர்ட்ஸ் டவுனில் பிசியோ ஷீலா. விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள். முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "செய்யலாம் ஆன்ட்டி. வலிச்சா நிறுத்துங்க. வீங்கினா வாங்க" என்றாள். டேப் வைத்து முட்டிச் சுற்றளவு குறித்துக் கொடுத்தாள். 38 செ.மீ.

வீட்டில் தராசை உதைத்தேன், தடவைக்கு 15 கிலோ வரும்படி, 188 தடவை. நூற்று முப்பதில் முட்டி கதகதவென்று சுட்டது. நூற்று அறுபதில் கெட்ட வார்த்தை. 188 முடிந்தது. ஐஸ் வைத்தேன். இவர் கதவோரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

நவம்பர் 7, வெள்ளி

முட்டி 38. வீக்கம் இல்லை.

நீலத்தை ரோட்டில் ஓட்டிப் பார்க்கப் போனேன். பாய் என் முகத்தைப் பார்க்காமல், "நீலம் போயிடுச்சுக்கா. நேத்து ஒருத்தர் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துட்டார்."

நீலத்தைத் திரும்பிப் பார்த்தேன். கண் வேலை செய்தது. விற்ற வண்டிக்கு பாய் கண்ணாடியில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவார், எப்பவும். நீலத்தில் ஸ்டிக்கர் இல்லை. என் மாப் குச்சி இன்னும் சீட்டில்.

"வண்டியை வாங்கினவர் என் குச்சியையும் சேர்த்தா வாங்கினார்?"

பாய் தலையைச் சொறிந்தார். அப்புறம் சொன்னார். சார் போன் பண்ணினாராம். என் வீட்டுக்காரர். நீலம் விற்றுப்போச்சுன்னு சொல்லிடுங்க என்று.

பாய் மேல் கோபம் வரவில்லை. நேரே வீட்டுக்கு. மனுஷர் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

கேட்டேன். பொய் சொல்லவில்லை, ஆமாம் என்றார். ஏன் என்றதற்கு ரொம்ப நேரம் கிளிப் மாட்டிக்கொண்டே இருந்தார்.

"ஆபரேஷன் ஆன புதுசுல பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதியே. தண்ணி சத்தத்துல கேக்காதுன்னு நெனச்சே. மறுபடி ஒருதரம் அதை என்னால கேக்க முடியாது."

கிளிப் டப்பாவை வாங்கி நானும் ரெண்டு துணி மாட்டினேன். 

அப்புறம் சொன்னேன், அழுதது வலிக்கு இல்லை, அந்தோணி வந்து வண்டிச் சாவி கேட்டதுக்கு. நாளைக் காலை நீலத்தை ஜாமில் ஓட்டப் போகிறேன். முடியாவிட்டால் வெள்ளை. என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். நீங்க நடுவில் வராதீங்க.

சரி என்றார். மீன் வாங்கி வந்தார். சமாதானம் என்று அர்த்தம்.

நவம்பர் 8, சனி

காலை ஒன்பதரை. ஸ்கூல் வேன், காய்கறி வண்டி, ஆபீஸ் பைக் எல்லாம் ஒன்றாக இறங்குகிற நேரம். பாய் ஞாயிறு காலை காலி ரோட்டில் ஓட்டலாம் என்றார். மூட்டையில் மேலே இருப்பதைப் பார்த்து நான் எப்போ வாங்கினேன்? அடியில் கையை விட்டு எடுத்துப் பார்ப்பதுதான் என் வழக்கம்.

கிளப்பும்போதே ஒரு தடவை அணைந்தது. பாய் இந்தத் தடவை டீ கொண்டு வரவில்லை. சீட் பெல்ட்டை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பிறகு பழகிவிட்டது. ஒன்று, ரெண்டு, மூணு, மறுபடி ரெண்டு. கையும் காலும் பேசிக்கொள்கின்றன, நடுவில் நான் தேவையே இல்லை. காக்ஸ் டவுன் மார்க்கெட் தாண்டி ஜீவனஹள்ளி. பதினெட்டு வயசில் நான் பாட்டிலில் பினாயில் ஊற்றித் தள்ளுவண்டியில் விற்ற அதே தெரு. டெம்போ வாங்கின காலத்தில், ஒரு சிக்னலில் பக்கத்தில் நின்ற ரெண்டு கதவுக் கார்க்காரர் பினாயில் வாசனைக்கு முகம் சுளித்துக் கண்ணாடியை ஏற்றினார். அன்றைக்கு முடிவு பண்ணினது இந்தக் கார்.

ரயில்வே அண்டர்பாஸ் ஏற்றம். நடு ஏற்றத்தில் எல்லாம் நின்றது. முன்னால் பஸ், பின்னால் ஆட்டோ மூக்கை முட்டிக்கொண்டு. பஸ் அடி அடியாக நகர்கிறது. நான் பிரேக், பாதிக் கிளட்ச், கொஞ்சம் ஆக்சிலரேட்டர், மறுபடி பிரேக். முட்டி நடுங்க ஆரம்பித்தது. பாய் கை ஹேண்ட் பிரேக் பக்கம் போச்சு.

"கையை எடுங்க பாய்."

எடுத்தார். உதடு அசைந்தது, துவா என்று நினைக்கிறேன்.

பதினோரு தடவை நின்று கிளம்பினேன். ஒரு அங்குலம் பின்னால் போகவில்லை. மேலே ஏறினதும் ஆட்டோக்காரன் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தான். "சூப்பர் மேடம், நானு ஹிந்தே பர்த்தீரா அந்த ஹெதர்கொண்டித்தே." நான் பின்னால் உருண்டு வந்து இடிப்பேன் என்று பயந்தானாம். எனக்கும்தான் என்று சொல்லவில்லை. ஒரு சல்யூட் மட்டும்.

சாயங்காலம் வலி உண்டு. மறைக்கவில்லை, இவரிடமும் சொன்னேன். ஐஸ். டேப்: 38.5. ஷீலாவிடம் போனில் சொன்னேன், அரை செ.மீ. வீக்கமே இல்லை ஆன்ட்டி, காலையில் மறுபடி பாருங்க என்றாள்.

நவம்பர் 9, ஞாயிறு

38.

முட்டி பழையபடிதான். முடிவு பண்ணியாச்சு.

யார்டுக்குப் போய் ஒரு மணி நேரம் வெள்ளையையே சுற்றிச் சுற்றி வந்தேன். கதவைத் திறந்தேன், மூடினேன், டிக்கியில் தலையை விட்டேன். நீலத்தைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பாய்க்குப் பொறுக்கவில்லை. வெள்ளைக்குத்தான் ஓசூர் பார்ட்டி இருக்கிறார், நீலம் ஆறு மாசமாக இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அவராகவே விலையைக் குறைத்தார். நான் டயரைப் பார்த்து உச்சுக் கொட்டினேன். நாலு டயரும் புதுசு என்றார். சரி போகட்டும், உங்களுக்காக நீலத்தையே எடுத்துக்கிறேன் பாய் என்றேன்.

பாய் சாவியை எடுத்துக்கொண்டே கேட்டார். "முதல்லயே நீலம்தானா?"

"அண்டர்பாஸ்லயே."

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். குச்சியைத் திருப்பிக் கொடுக்க மாட்டாராம், ஆபீசில் மாட்டி வைப்பாராம்.

கவிக்கு மூஞ்சி தொங்கிவிட்டது. அவளுக்குக் கிளட்ச் வண்டி ஓட்டத் தெரியாது. ஞாயிறானால் பிரெண்ட்ஸோடு நந்தி மலை போக அம்மா காரைக் கிளப்பலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். வெள்ளைக்கு அவ்வளவு வக்காலத்து இதற்குத்தான்.

வீட்டில் என்னைத் தவிர யாரும் எடுக்க முடியாத வண்டி. இந்தச் சௌகரியம் நான் யோசிக்காதது.

நவம்பர் 12, புதன்

லேசான மேகம். ஜீவனஹள்ளி மாரியம்மன் கோயிலில் பூஜை. மாலை, குங்குமம், தேங்காய், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம்.

கவி வீடியோ எடுக்க ஹெட்லைட், பாட்டு, ஹசார்டு விளக்கு எல்லாம் போட்டு விட்டாள். முக்கால் மணி நேரம். பூசாரி கற்பூரம் காட்டி, எடுங்கம்மா என்றார். சாவி திருகினேன். டிக் டிக் டிக். ஆறு மாசம் சும்மா நின்ற பேட்டரி, இதற்கே மூச்சு வாங்குகிறது. தெருவில் பின்னால் ரெண்டு ஆட்டோ ஹாரன். கோயில் வாசலில் என் பழைய தெருக்காரர்கள் பாதிப் பேர். கவி பாய்க்குப் போன் போட்டாள், பேட்டரி வயர் கொண்டு வர அரை மணி ஆகுமாம்.

பக்கத்து சீட்டில் இருந்த இவர் இறங்கினார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். அந்தோணி ஓடி வந்தான். "நீ இருப்பா" என்றார்.

டெம்போவின் முதல் ரெண்டு வருஷம் செல்ஃப் ஸ்டார்ட் வேலை செய்யாது. தினமும் இவர் தள்ளுவார், நான் உள்ளே. பதினேழு வருஷம் ஆகிறது.

கண்ணாடியில் அவர் முகம். தலையை ஆட்டினார். ரெண்டாவது கியர், கிளட்ச் முழுக்க உள்ளே. வண்டி அசைந்தது. நாலு எலுமிச்சம்பழமும் ஒன்றன் பின் ஒன்றாக நசுங்குகிற சத்தம். தெரு கொஞ்சம் இறக்கம், வேகம் பிடித்தது. முன்பு போலவே பின்னாலிருந்து குரல்.

"விடு."

விட்டேன். கிளட்சிலிருந்து கால் வந்ததும் ஒரு உலுக்கு. இன்ஜின் பிடித்துக்கொண்டது. கோயில் வாசலில் யாரோ விசில்.

நிறுத்தினால் அணைந்துவிடும் என்று மெதுவாக உருட்டிக்கொண்டே போனேன். வெறுங்காலோடு ஓடி வந்து, கதவைத் திறந்து, பக்கத்தில் விழுந்தார். மேல்மூச்சு. அறுபது வயசு. வேட்டியெல்லாம் குங்குமம்.

அண்டர்பாஸ் வரை வந்துவிட்டோம். ஏற்றத்தில் வழக்கம்போல ஜாம். பாதிக் கிளட்சில் நிறுத்தினேன். அவர் கை ஹேண்ட் பிரேக் பக்கம் போகவே இல்லை. மடியில் இருந்தது.

"செருப்பு அங்கயே விட்டுட்டேன்" என்றார்.

"திரும்பி எடுத்துக்கலாம்."

"வேணாம். போ."