பால் தெரியாத வீடு என்று நீ சொன்னது

விருத்தாசலம்,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து எழுதுவது.

அன்பு மகன் சாவியோவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அகமதாபாத்தில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று காலைப் பூசையில் வேண்டிக்கொண்டேன், கோபத்தோடுதான் வேண்டிக்கொண்டேன். மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் பீங்கான் கம்பெனியில் களிமண் காயவில்லை, சூளையில் வேலை இல்லாமல் அப்பா வீட்டில் இருக்கிறார். உன் தங்கச்சி ஆன் மேரிக்கு இது ஏழாவது மாதம், திட்டக்குடியிலிருந்து வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள், கால் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி.

நீ சத்துப் பவுடர் கம்பெனிக்காகப் பேசிய வீடியோவை அப்பா பார்த்துவிட்டார். டீ குடிக்கிற நேரத்தில், அவரோடு சூளையில் வேலை செய்யும் திருமால், ‘அண்ணே, நம்ம சாவியோ பேசுது பாருங்க’ என்று போனை நீட்டியிருக்கிறார், எட்டுப் பேர் சுற்றி நின்று பார்த்திருக்கிறார்கள். ‘எங்க வூட்டுல பாலுன்னா என்னன்னே தெரியாது, ஓடிட்டு வந்து பச்சத் தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துக்குவேன், இந்தப் பவுடருதான் என்ன ஜெயிக்க வச்சுது’ என்று நீ சொல்கிறாய், கண்ணில் தண்ணீர் வேறு. அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டார். நான் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான், ‘வுடு, அவனுக்கு மறந்துபோயிருக்கும்’ என்றார். மறக்கிற விஷயமா அது? நீ ஒன்பதாவது படிக்கும்போது பி.டி. வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, ஓடி முடிச்ச அரை மணிக்குள்ள புள்ளைக்குப் பாலு குடுங்கம்மா, சதை வலி கேக்கும், இழந்த தெம்பு திரும்பும் என்றார். அன்றிலிருந்து எருமைப் பாலைக் காய்ச்சி ஆறவைத்து, வாழைப்பழத்தைப் பிசைந்து, வெல்லத்தைத் தட்டிப் போட்டு, வேர்வையில் போன உப்புக்காக ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு மைதானத்துக்கு வந்தவள் யார்? வீட்டுக்கு வாங்குகிற பால் உன் ஒருவனுக்கே சரியாக இருந்தது, அதனால் சூளை வெக்கையில் நின்றுவிட்டு வருகிற மனிதர் ஆறு வருஷம் வரக்காப்பி குடித்தார், ஆன் மேரி கேட்டு அழுதால் உன் காதில் விழாமல் அவள் வாயை அடக்கியிருக்கிறேன். எங்களை ஏழை என்று சொல், ஒத்துக்கொள்கிறேன், ஏழைதான். பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுக்காதவர்கள் என்று சொல்ல உனக்கு எப்படி நாக்கு வந்தது? நீ ஓடிய காலத்தில் அந்தப் பவுடர் டப்பாவைக் கண்ணால் பார்த்திருப்பாயா?

இதோடு போயிருந்தால் நான் அழுதுவிட்டு விட்டிருப்பேன். கம்பெனியில் என்னோடு பீங்கான் ஃப்யூஸ் கட்டைக்குப் பிசிறு தேய்க்கிற கமலத்தைத் தெரியும் அல்லவா, அவள் மகள் பூங்கோதை இப்போது பன்னிரண்டாவது, எண்ணூறு மீட்டர் ஓடுகிறாள், நீதான் அவளுக்குத் தெய்வம். உன் வீடியோவைப் பார்த்ததும் அம்மா கொடுத்த பாலை வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். அதே டப்பாவை வாங்கித் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, ஒரு டம்ளர் போதும் சாப்பாடே தேவையில்லை என்று நீ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, மூன்று வாரம் காலையிலும் மதியமும் சோற்றைத் தொடவில்லை. முந்தின வாரம் வெள்ளிக்கிழமை கடலூர் போட்டியில் இரண்டாவது சுற்றில் அந்தப் பெண் மண்ணில் விழுந்தாள். முன்பல் பாதி உடைந்துவிட்டது, இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பவுடரக் கொற சொல்லல, சாப்பாட்டோடு சேத்துக் குடிக்கலாம், சாப்பாட்டையே வுட்டா எப்படிம்மா ஓடும் என்று டாக்டர் கமலத்தைத்தான் திட்டினார். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த எனக்குத் தரையைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. கமலம் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ‘தம்பி நல்லதுக்குத்தான்கா சொல்லியிருக்கும், இதுக்குத்தான் புரியல’ என்றாள். அவள் என்னை அறைந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அதற்கு அடுத்து வந்த திங்கட்கிழமை காலை நான் மைதானத்துக்குப் போனேன். பதினைந்து பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள், ஆறு பேர் கையில் அந்த டப்பா. எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, என் மகன் பொய் சொல்லிவிட்டான், அவன் பால் குடித்து ஓடியவன், வயிறாரச் சாப்பிட்டு ஓடியவன் என்று சொன்னேன். ஊரில் யாராவது உனக்குச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், உன்னைப் பொய்யன் என்று சொன்னது உன் அம்மாதான். இதையெல்லாம் எழுதாதே, பிழைப்புக்குப் போன இடத்தில் பிள்ளை மனசு கஷ்டப்படும் என்கிறார் அப்பா. படட்டும்.

அந்த வீடியோவை எடு. எடுத்தால் மட்டும் போதாது, அதே இடத்தில் நின்று அதே போல முகத்தைக் காட்டி, சொன்னது பொய், சோற்றை விடாதீர்கள் என்று பேசு. எனக்குப் போன் செய்வதற்கு முன்னால் கமலத்துக்குப் போன் செய். கிறிஸ்துமஸுக்கு வரும்போது அவள் வீட்டுப் படி ஏறிவிட்டுத்தான் நம் வீட்டுக்கு வர வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போ, வெளியூர்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடி. என் கோபம் எவ்வளவு இருந்தாலும் மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும்.

நேற்று பூங்கோதையைப் பார்க்கப் போயிருந்தேன். உடைந்த பல்லைக் கையால் மறைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். ‘பெரிம்மா, அண்ணன் ஆயிரத்தைந்நூறு மீட்டர நாலு நிமிசம் ரெண்டு செகண்டுல ஓடுனாங்கன்னு சொல்றாங்களே, அதாவது நெசமா?’ நெசம்தாண்டி, கோட்டுக்குப் பக்கத்தில் நின்று நானே பார்த்தேன் என்றேன். அப்போதும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் சாவியோ, அவள் நம்பவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
அ. விமலாராணி