நடுவில் காலி இடம்

இன்று மத்தியானம் களிக்குத் தொட்டுக்கொள்ள வெங்காயம் உரித்தேன். காரம் மூக்கில் ஏறியதுமே உன் நினைவு வந்துவிட்டது. வெங்காயத்தால்தான் கண்ணீர் என்று சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் கேட்பதற்குத்தான் வீட்டில் ஆளில்லை.

ஆம்பூர்த் தோல் ஃபாக்டரியில் நம் இருவருக்கும் ஒரே மேசை. பதப்படுத்திய தோலை ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, வெளிச்சம் ஒழுகும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவோம். ஓட்டை விழுந்த தோல் மட்டம். உன் சாப்பாட்டுப் பையில் எப்போதும் லைப்ரரியில் எடுத்த வானசாஸ்திரப் புத்தகம் ஒன்று இருக்கும்.

ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் வெங்காயத்தை ஏடு ஏடாகப் பிரித்தாய்.

"முன்னெல்லாம் ஐரோப்பாக்காரங்க வானத்த இப்படித்தான் நெனச்சாங்கடீ. வெளியில நட்சத்திரம். அதுக்குள்ள சனி, அப்புறம் வியாழன், அப்படியே உள்ள வந்தா நிலா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கண்ணாடிக் கோளம். கோளம் சுத்தும், அதுல பதிஞ்ச கிரகமும் சுத்தும். கெட்டியா, தண்ணி மாதிரியான்னு அவங்களுக்குள்ளயே ஓயாத சண்ட. ஆனா ஒண்ண ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும். நடுவுல காலி எடமே கெடையாது."

நடுக் குருத்தை என் தட்டில் வைத்தாய். "இந்தா, பூமி உனக்கு."

வாடகை அறையில் தனியாகக் கிடந்த எனக்கு அந்த வானம் ரொம்பப் பிடித்துப் போயிற்று. நீ அதோடு விட்டாயா?

"அப்புறம் ஒரு வால் நட்சத்திரம் வந்துச்சி. நிலாவுக்கும் அந்தாண்ட, கோளத்தயெல்லாம் தாண்டிப் போச்சி."

"இன்னாடீ சொல்ற? அப்போ ஓட்ட எங்க?"

புரையேறும்வரை சிரித்தாய். "ஓட்டயே இல்ல. அதான் கோளமே இல்லன்னுட்டாங்க."

"அப்போ நடுவுல இன்னா இருக்குது?"

"ஒண்ணுமில்ல. காலி."

எனக்கு வந்ததே கோபம்! அந்தப் பாழாய்ப்போன நட்சத்திரத்துக்காக உன்னோடு சாயங்காலம்வரை சண்டை போட்டேன். "பேஜார் பண்ணாதடீ. நான்தான் ஒன்ன ஒட்டிக்கிட்டு நிக்கறேனே" என்று முழங்கையால் இடித்தாய்.

எண்பத்தாறில் வால் நட்சத்திரம் வந்தபோது, விடியுமுன் பாலாற்று மணலில் நின்று தேடினோம். ஒன்றும் தெரியவில்லை. "வந்தா வரட்டும், ஒடைக்கறதுக்கு இன்னா மிச்சம் இருக்குது?" என்றாய். அந்த வருஷ மழைக்காலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

மேசையில் உன் இடத்துக்கு வேறொரு பெண் வந்தாள். நல்லவள்தான், ஆனால் தள்ளித்தான் நிற்பாள். என் இடது முழங்கை இன்னமும் உன் இடிக்குக் காத்திருக்கிறது.

நடுவில் காலிதான் என்று நீ சொன்னதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். இருந்தும் வெங்காயத்தை ஏடு ஏடாகத்தான் பிரித்தேன். எனக்கு எதிரே இன்னொரு தட்டைப் போட்டு, குருத்தை அதில் வைத்தேன்.

இந்தா, பூமி உனக்கு.