கிரீஸ் இல்லாத சட்டை

1999 நவம்பர், புதன்கிழமை

மேல்வீட்டு ஸ்டெல்லா டீச்சரிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது. சாயங்காலம் என் மகள் கவிதா அங்கே போய்த் துப்பறியும் விளையாட்டு ஆடுவாள். சின்னப் பெண்களுக்கான சுலபமான விளையாட்டுதான். அதில் ஒரு பெண் அறை அறையாகத் தடயம் தேடுவாள். தடுமாறினால் அதுவே வழி சொல்லும்.

இன்று ஆடிவிட்டு வந்தவள், துவைக்கப் போட்டிருந்த அவள் அப்பாவின் யூனிஃபார்மை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இன்னும் வந்திருக்கவில்லை.

"இன்னாடி பண்ற?"

"அப்பா சட்டையில கிரீஸே இல்லம்மா. போன வாரமும் இல்ல. நேத்து செருப்புல ஏரிக்கரை சேறு இருந்திச்சு. அப்பா கம்பெனிக்குப் போவலியா?"

"புது மிஷின் வந்துக்கீது. அதுல கறை படாது."

அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

துவைப்பவள் நான். எனக்கு முதல் நாளே தெரியும். அவராகச் சொல்லட்டும் என்று தினமும் டப்பாவில் சோறு கட்டிக் கொடுக்கிறேன். அவரும் வாங்கிக்கொண்டு போகிறார்.

கவிதா தூங்கியதும் சைக்கிள் செயினில் விரலைத் தேய்த்து, இன்று அவர் கழற்றிப் போட்ட சட்டையின் கையிலும் காலரிலும் பூசினேன். காலையில் அவள் கண்ணில் படட்டும் என்று வாளிக்கு மேலேயே போட்டேன். திரும்பினால், அவர் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அழுகை வரவில்லை. நகக்கண்ணில் ஏறிய கறுப்பு சோப்பு போட்டும் போகவில்லை. நாளைக்கு டப்பாவில் என்ன கட்டுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.