சில்லென்று இருந்த பானெட்

11, புதன்

காலையிலிருந்து பிசுபிசுவென்று சாரல். ஓசூரில் ஆனி மாதத்திலும் ஸ்வெட்டர் காய மாட்டேன் என்கிறது. ஈரத்தோடு ஷிப்டுக்குப் போய் நாள் முழுக்கத் தும்மல்.

டாக்டரம்மா செல்வியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். ஏழு மாதம், இனி பைக்கில் ஏறவே கூடாது. போன தடவை கலைந்ததை மறந்துவிட்டீர்களா என்றும் கேட்டாராம். மறப்போமா? இந்த மாதத்துக்குள் கார் வாங்கியே ஆக வேண்டும்.

இதுவரை பார்த்தவை இரண்டு.
பாகலூர் ரோடு, கர்நாடகா நம்பர். நான் போகும்போதே இன்ஜின் சூடு.
தொரப்பள்ளி. அதுவும் சூடு. "இப்பத்தான் சார் பால் வாங்கப் போயிட்டு வந்தேன்."

டீசல் வண்டியின் வண்டவாளம் முழுக்கக் குளிர்ந்த இன்ஜினைத் திருகும்போதுதான் தெரியும். திணறுகிறதா, வெள்ளைப் புகை கக்குகிறதா, எல்லாம். முன்னாலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்தால் எந்த ஓட்டை வண்டியும் ஜம்மென்று கிளம்பும். பன்னிரண்டு வருடமாக ஃபேக்டரியில் குவாலிட்டி பார்ப்பவனிடமா இந்த வேலை?

செல்விக்குச் சிரிப்பு. "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப இதுல கால்வாசியாவது பாத்தீயளா?"

13, வெள்ளி

மூன்றாவது ஒன்று. வேப்பனப்பள்ளி தாண்டி ஒரு கிராமம். வெள்ளை டீசல், எட்டு வருடம், ஒரே ஓனர். விற்பவர் முனிரத்தினம், மாந்தோப்புக்காரர். இதைக் கொடுத்துவிட்டு மாங்காய் ஏற்ற லோடு வண்டி வாங்கப் போகிறாராம். வந்து பார்த்த இரண்டு பேர் ஏதோ நொட்டை சொல்லிவிட்டுப் போய்விட்டார்களாம். குரலில் அலுப்பு.

போனிலேயே கறாராகப் பேசினேன். ஞாயிறு காலை ஏழுக்கு வருவேன். சனி சாயங்காலத்திலிருந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணக் கூடாது. யார் கேட்டாலும், எதற்கு என்றாலும். வந்ததும் பானெட்டில் கை வைப்பேன். சூடு இருந்தால் அப்படியே திரும்பிவிடுவேன்.

"செரிங்க சார். சாவிய சாமி படத்துக்குப் பின்னால வெச்சிடறேன். நீங்களே எடுத்துத் திருகுங்க."

பின்னால் ஒரு பெண் குரல், தெலுங்கில். அவர் மனைவி சரோஜம்மா. எனக்கும் கேட்கட்டும் என்று அவர் தமிழிலேயே பதில் சொன்னார்: "இன்ஜினு சில்லுனு இருக்கணுமாம்மா. இல்லாட்டி சார் திரும்பிப் போயிடுவாராம்." இருவரும் சிரித்தார்கள். நல்ல மனிதர்கள்தான் போல. இருந்தாலும் நம்பக் கூடாது.

எடுத்துப்போக: டார்ச். காந்தம் (அடிபட்டுப் பட்டி தடவிய இடத்தில் ஒட்டாது). கீழே விரிக்கப் பழைய பேப்பர். செக்லிஸ்ட், 42 ஐட்டம்.

15, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

5.30 கிளம்பினேன். குருபரப்பள்ளியில் டீ, போண்டா. 6.50க்கு ஊர். வீடு பூட்டியிருந்தது. கார் பக்கத்தில் ஷீட் கொட்டகையில். நேரே போய் பானெட்டில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. என்ன சந்தோஷம் எனக்கு! முதல் ஐட்டம், டிக்.

பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். "ஆசுபத்திரிக்குப் போயிருக்காங்க. நீங்க வந்தா பாத்துக்கினு இருக்கச் சொன்னாரு." யாருக்கு, என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேனா? அதுகூட இல்லை. காந்தத்தை எடுத்துக்கொண்டு கதவு கதவாகப் போனேன்.

நான்கு கதவும் ஒட்டியது. அடியில் ஆயில் கசிவு இல்லை. டயர் ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் 31 டிக்.

8.30. போன் எடுக்கவில்லை. எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. அந்த அம்மாவிடம் கத்தினேன். ஏழு மணி என்றால் ஏழு மணிக்கு இருக்க வேண்டாமா? ஓசூரிலிருந்து வருகிறவன் என்ன வேலையற்றவனா? ஆஸ்பத்திரிக்குப் போய்வர இவ்வளவு நேரமா?

அவர் குடத்தைக் கீழே வைத்தார். "கார்ல போயிருந்தா எப்பவோ போய்ச் சேந்திருப்பாங்க."

பிறகு சொன்னது, அப்படியே: "விடியக்காலம் அஞ்சு மணிக்கு சரோஜாக்கு வாய் கோணிக்கிச்சி. ஒரு பக்கம் கை தொவண்டு போச்சி. ஆம்புலன்சு வர நேரமாவும்னாங்க. இவரு ஓடிப்போய் சாவிய எடுத்தாரு. அதுதான் வேணாம்னுச்சி. பேச்சு கொழறுது, நல்லா இருக்கற கைய ஆட்டி ஆட்டி, இன்ஜினு சூடாயிடும், அவரு திரும்பிப் போயிடுவாருன்னுச்சி. சாவியப் புடுங்கித் திரும்ப வெச்சிடுச்சி. என் வூட்டுக்காரரு பைக்குலதான் நடுவுல உக்கார வெச்சி கிருஷ்ணகிரிக்குக் கூட்டினு போனாங்க. காலு தரையில இழுத்துக்கினே போச்சி."

கையில் செக்லிஸ்ட். அதைப் பார்க்கிறேன், எழுத்தே தெரியவில்லை.

பைக்கை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். எப்படிப் போனேன் என்று நினைவில்லை. வார்டு வாசலில் முனிரத்தினம், லுங்கி பனியனோடு. முன்பின் பார்த்ததில்லை, ஆனாலும் தெரிந்தது. நர்ஸ் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கக் கூடாதா?"

நான் யார் என்று சொன்னேன். சட்டென்று கை கூப்பிவிட்டார். "மன்னிச்சிக்குங்க சார். அவ்ளோ தூரத்துலருந்து வரவெச்சி, காக்க வெச்சிட்டேன்."

பரவாயில்லை என்றேன்.

அட பாவி. பரவாயில்லை என்றா சொன்னேன்? அந்த ஒரு வார்த்தைதான் வந்தது. சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

16, திங்கள்

மழை இல்லை. நல்ல பார்ட்டையெல்லாம் ரிஜெக்ட் டப்பாவில் போட்டிருக்கிறேன். சூப்பர்வைசர்: "என்னய்யா, வூட்ல எதுனா பிரச்சனையா?"

செல்வியிடம் வண்டி சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அந்த வண்டியில் ஒரு குறை கிடையாது.

'எதற்கு என்றாலும்' என்று ஏன் சொன்னேன்? வாய்க்கு வந்ததைக் கெத்தாகச் சொன்னது. அதைப் போய் வேதவாக்காக எடுத்துக்கொள்வார்களா?

17, செவ்வாய்

செல்வியிடம் சொல்லிவிட்டேன். வயிற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இப்படி ஒரு அவசரத்துக்குத்தான நமக்கே காரு" என்றாள். பிறகு, "அந்தம்மா எப்படி இருக்காவன்னு கேட்டீயளா?"

இல்லை.

"முதல்ல அதக் கேளுங்க. காரும் மண்ணாங்கட்டியும் பொறவு."

மின்கட்டணம் கட்டவில்லை. நாளை கடைசி.

18, புதன்

சாப்பாட்டு நேரம். கேன்டீனுக்குப் பின்னால் நின்று போன் போட்டேன். மூன்று தடவை கட் பண்ணிவிட்டு, நான்காவது தடவைதான் முழுதாக அடிக்க விட்டேன்.

"சார், நானே கூப்பிடணும்னு இருந்தேன்." உயிருக்கு ஆபத்து இல்லையாம். வலது கை வரவில்லை. பேச்சும் வரவில்லை. நாளாகும் என்கிறாராம் டாக்டர். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அவருக்குப் புரியவில்லை. "லைன் சரியில்லைங்களா சார்?"

போக வர என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ரெண்டு பஸ்ஸு மாறித்தான். காலையில ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி."

கார் இருக்கிறதே?

"அய்யோ, அதத் தொடல சார். சாவி சாமி படத்துக்குப் பின்னாலயேதான் கெடக்குது. நீங்க எப்ப வேணா வாங்க. சில்லுனுதான் இருக்குது."